மணி அஞ்சா... ரெண்டா?

உங்க வீட்டுக் கூடத்துலயோ, ஊர்ல தாத்தா வீட்டுப் பரண்லயோ சாவி கொடுக்கிற பெண்டுலம் கடிகாரம் ஒண்ணு மூச்சுப் பேச்சில்லாம கிடக்குதா? எடைக்குப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க பாஸ்!

மதுரையில எங்க வீட்டுக் கடிகாரம் ஒரு ஜெர்மன்காரர். யுங்ஹான்ஸ். ஷ்ராம்பெர்க் ஊர்ல 1861-ல ஆரம்பிச்ச கம்பெனி. பொங்கலுக்கு வெள்ளையடிக்க இறக்கி, திரும்ப மாட்டினோம். பத்து நிமிஷம் ஓடும், நின்னுடும்.

கடைக்காரர், "மிஷினைத் தூக்கிட்டு குவார்ட்ஸ் போட்டுடலாம். மணி அடிக்காது, ஆனா டைம் கரெக்டா காட்டும்" என்றார். யாருக்குக் காட்டும்? கண் அழுத்த நோயில் அப்பத்தாவுக்குப் பார்வை போய் ஆறு வருஷம் ஆச்சு. மாத்திரை, காபி, தூக்கம் எல்லாமே அந்த மணியை எண்ணித்தான்.

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற நான் எதுக்கு இருக்கேன்? களத்துல குதிச்சேன். தையல் மிஷின் எண்ணெயைச் சக்கரம் பூரா பீய்ச்சினேன். அசையலை. மிஷினை வெளியே எடுத்து, பின்தகட்டு ஸ்க்ரூவில் கை வெச்சப்போ, "பாப்பா, கையை எடு!"னு ஒரு சத்தம். முன்னாடி எங்க தெருமுனையில வாட்ச் கடை வெச்சிருந்த பெரியவர். என் மேல நம்பிக்கை இல்லாம அப்பத்தா ஆள் அனுப்பி வரவழைச்சிருக்காங்க!

விஷயம் இதுதான். ஓடறதுக்கு ஒண்ணு, மணி அடிக்க ஒண்ணுன்னு உள்ளே ரெண்டு ஸ்பிரிங். நாள்கணக்கா ஓட வேண்டிய சக்தி மொத்தமும் அந்தச் சுருள்லதான் இருக்கு. முறுக்கோட தகட்டைப் பிரிச்சா, பல்சக்கரத்தோட பல்லும் போகும், நம்ம விரலும் போகும். அவர் சாவியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, முறுக்கைத் தாங்கி நிக்கிற கொக்கியை விலக்கி, கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தினார். தயவுசெஞ்சு இதை மட்டும் தனியா முயற்சி பண்ணாதீங்க. அப்புறம் நான் ஊத்தின எண்ணெயைத் துடைக்கவே ஒரு மணி நேரம். எண்ணெய் வைக்க வேண்டியது அச்சு சுத்தற ஓட்டையில மட்டும், அதுவும் ஊசிமுனை அளவு. பல்லுல பட்டா தூசியைப் பிடிச்சு அரைச்சுடும்.

திரும்ப மாட்டினோம். பத்து நிமிஷம்... நின்னுடுச்சு!

பெரியவர் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். "டிக்டக்... டிக்டக்னு நொண்டுது பார்." பெட்டியோட அடிப்பக்கத்தை நூலளவு இடதுபக்கம் தள்ளினார். 'டிக்... டக்... டிக்... டக்...' ரெண்டுக்கும் நடுவுல ஒரே இடைவெளி. அவ்வளவுதான், ஓட ஆரம்பிச்சுது. நாங்க சாய்ச்சு மாட்டினதுதான் வியாதியே! சுவத்துல பென்சில் அடையாளம் வெச்சுட்டு, ஒரு டீ மட்டும் குடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

ஆனா தினம் நாலு நிமிஷம் முந்துச்சு. ஹைகன்ஸ் 1656-ல பெண்டுலத்தைக் கடிகாரத்துல மாட்டினதுலேருந்து இதுக்கு ஒரே வைத்தியம்தான். பெண்டுலத்தோட நீளத்தை மாத்தணும். குண்டுக்குக் கீழே ஒரு நட்டு இருக்கும். இறக்கினா மெதுவா ஓடும், ஏத்தினா வேகம். 25 செ.மீ. ஊசல்ல ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் மாத்த, மூணுல ஒரு பங்கு மில்லிமீட்டர் போதும். லேப்ல காப்பியடிச்சு எழுதின ரீடிங் எல்லாம் ஞாபகம் வந்து கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.

நட்டை இறக்கியாச்சு. ஏற்கெனவே முந்தின கால் மணி நேரத்தை என்ன பண்ண? முள்ளைப் பின்னால சுத்தக் கூடாதுன்னு பெரியவர் சொல்லியிருந்தார். அதனால ராத்திரி எல்லாரும் தூங்கினதும், பெரிய முள்ளை முன்பக்கமாவே கிட்டத்தட்ட பன்னிரண்டு சுத்து சுத்தினேன். மணிச் சத்தத்துல யாரும் எழுந்துடக் கூடாதேன்னு, அடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்காம விறுவிறுன்னு. பெண்டுலத்தைக் கால் மணி நேரம் நிறுத்தி வெச்சிருந்தாலே போதும்னு அப்போ தோணலை. இன்ஜினீயர்!

நடுராத்திரி ரெண்டு மணிக்கு அது 'டங்'னு அஞ்சு அடிச்சுது. அப்பத்தா எழுந்து, பல் விளக்கி, விடியற்காலை மாத்திரையைப் போட்டுக்கிட்டு, அம்மாவைக் காபிக்கு எழுப்பிட்டாங்க.

இந்த மாதிரி கடிகாரத்துல மணி அடிக்கிற சக்கரத்துக்கு முள் எங்க நிக்குதுன்னே தெரியாது. கடைசியா நாலு அடிச்சதா, அடுத்தது அஞ்சு. அவ்வளவுதான் அதோட அறிவு. உள்ளே ஒரு கம்பியை விரலால தூக்கி விட்டா, முள்ளை நகர்த்தாமலே அடிக்கும். ஒண்ணொண்ணா அடிக்க விட்டு முள்ளோட சேர்த்தேன். அப்பத்தா பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டே வந்தாங்க, என்னை நம்பாம.

இப்போ ஹாஸ்டல்லேருந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் பண்ணுவேன். எட்டு அடிக்கிற நேரம் பார்த்து அப்பத்தா ரிசீவரைக் கடிகாரத்துப் பக்கம் நீட்டி, "எண்ணு"ம்பாங்க.