கிணறு ஏன் வடதுருவம் போகிறது? வரைபட மென்பொருள் – சந்தேகங்களும் விளக்கங்களும்

ஏரி எல்லை, வயல் பரப்பு, ஊர்க் கிணறுகள் என்று எதை வரையவும் க்யூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருள் போதும். அதில் வரும் குழப்பங்கள் பெரும்பாலும் சிஆர்எஸ் எனப்படும் ஆயத்தொலை முறையில்தான் தொடங்குகின்றன. அதை முதலில் பழகிக்கொண்டால் எத்தனையோ நாள் உழைப்பு மிச்சம்.

திருச்சிக் கிணறுகள் வடதுருவத்துக்குப் பக்கத்தில் விழுகின்றனவே?

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகை 78.7, ஒய் கட்டத்தில் அட்சரேகை 10.8 வர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் நிற்கும்.

ஒரு ஏக்கர் வயலுக்கு 0.0000003 என்று பரப்பு காட்டுகிறதே?

செல்போன் ஜிபிஎஸ் தருவது டிகிரிக் கணக்கு. அதிலேயே பெருக்கினால் சதுர டிகிரிதான் வரும். லேயரை, அதாவது வரைபட அடுக்கை, மீட்டர் கணக்குள்ள யுடிஎம் முறைக்கு மாற்றுங்கள். 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடே செல்வதால் இங்கே இரண்டு மண்டலங்கள் உண்டு. கோவை, நெல்லைக்கு மண்டலம் 43, சிஆர்எஸ் எண் 32643. சென்னை, திருச்சி, மதுரைக்கு மண்டலம் 44, எண் 32644. லேயரின் பண்புகளில் எண்ணை மட்டும் திருத்தாதீர்கள். பெயர்தான் மாறும், உள்ளே இருக்கும் ஆயங்கள் அப்படியே இருக்கும். புது எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஏற்றுமதி செய்து தனிக் கோப்பாகச் சேமிப்பதே சரி. கிடைக்கும் சதுர மீட்டரை 40.47ஆல் வகுத்தால் சென்ட்.

அட்டவணைப் பத்திகளுக்குத் தமிழில் வைத்த தலைப்புகள் பாதியில் அறுந்துவிடுகின்றனவே?

ஷேப்ஃபைல் என்னும் கோப்பு வடிவில் தலைப்புக்கு 10 பைட் இடம்தான். யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கே 3 பைட் போய்விடும். ஜியோபேக்கேஜ் வடிவில் சேமியுங்கள். எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும் வசதியும் உண்டு.

பென்டிரைவில் கொடுத்த க்யூஜிஐஎஸ் திட்டக் கோப்பு நண்பர் கணினியில் சரியாகத் திறக்கவில்லையே?

திட்டக் கோப்பில் தரவு இருக்காது, இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். தரவையும் திட்டத்தையும் ஒரே ஃபோல்டரில் வைத்து முழுதாகக் கொடுங்கள்.

இந்த வரைபடத்தைக் காட்டி எல்லைத் தகராறைத் தீர்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். சதுரமான பத்து சென்ட் மனையின் ஒரு பக்கமே சுமார் 20 மீட்டர்தான். ஒரு மூலை 5 மீட்டர் தள்ளினால் பக்கத்து வீட்டுச் சுவர் உங்களுடையதாகத் தெரியும்! திட்டமிட இந்தப் படம் உதவும். எல்லைக்கு, வருவாய்த் துறையின் புலப்படத்தை வைத்து நில அளவர் அளந்து காட்டுவதைத்தான் கேட்க வேண்டும்; அதற்கு முறைப்படி மனு கொடுங்கள்.