கூரை இல்லாத கார், குலுங்காத முதுகு

2006-ல் பிஎம்டபிள்யூ தன் இசட்4 காருக்கு நிலையான கூரை போட்டு, கூப்பே என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உடலை ஒரே ஒரு டிகிரி முறுக்க 32,000 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். அதற்கு முன்பே விற்பனையில் இருந்த, துணிக்கூரையை மடித்துத் திறக்கும் இசட்4 ரோட்ஸ்டருக்கு 14,500 போதும். தரைத்தளம், இன்ஜின், சக்கரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். தலைக்கு மேலே இருந்த இரும்பை எடுத்துவிட்டதும் உறுதி பாதிக்கும் கீழே போய்விட்டது.

ஒரு தீப்பெட்டியை எடுத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். குச்சிகள் இருக்கும் உள்தட்டை மட்டும் உருவி, இரண்டு முனையையும் பிடித்து முறுக்குங்கள். நெளிந்து கொடுக்கும். அதையே மேலுறைக்குள் தள்ளிவிட்டு முறுக்கினால் லேசில் அசையாது. திறந்த கார் என்பது அந்த உள்தட்டு. இடப்பக்கச் சக்கரம் மட்டும் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, கார் முழுக்க ஒரு முறுக்கல் ஓடுகிறது. முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும். ஸ்டீயரிங் கையில் அதிரும். உள்கண்ணாடியில் தெரியும் பின்வண்டியின் நம்பர் பிளேட் ஒரு கணம் கலங்கி மறுபடி தெளியும். ஆங்கிலேயர்கள் இதற்கு ‘ஸ்கட்டில் ஷேக்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

பழைய இசட்4 ஒன்றை ஆசைப்பட்டு வாங்குகிறவர்களில் பலர் சில மாதங்களில் ஒரே கேள்வியோடு மெக்கானிக்கிடம் வந்து நிற்பார்கள்: இந்தக் குலுக்கலைக் குறைக்க முடியுமா? ‘ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்’ என்று அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பதில் பொறியியலாகவே தவறு. வளைவில் காரைத் தாங்கிப் பிடிப்பது ரப்பருக்கும் சாலைக்கும் இடையிலான ஒட்டுதல். கரடுமுரடான வளைவில் சக்கரம் துள்ளினால், துள்ளும் அந்த நொடியில் பிடிப்பு போய்விடுகிறது. முதுகு நோவதும் பிடி நழுவுவதும் பெரும்பாலும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் கூடவே சரியாகும்.

இதற்கு 1962-ஐவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த ஆண்டு காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் எலான் என்ற திறந்த இரண்டு இருக்கைக் காரை வெளியிட்டது. மடித்த இரும்புத் தகட்டாலான ஒரு முதுகெலும்புச் சட்டகம் நடுவில் ஓடியது. மேலே ஃபைபர்கிளாஸ் உடல். எடை 700 கிலோவுக்குள். உறுதி முழுவதும் முதுகெலும்பிலேயே இருந்ததால் கூரை இருப்பதும் இல்லாததும் அந்தக் காருக்குப் பெரிய விஷயமில்லை. சட்டகம் நெளியாது என்ற தைரியத்தில்தான் மென்மையான ஸ்பிரிங்குகளைப் போட முடிந்தது. சாலையை வருடிக்கொண்டு போகும் அந்த கார், வளைவுகளில் தன்னைவிடப் பல மடங்கு சக்திகொண்ட கார்களோடு ஈடுகொடுத்தது. அறுபது ஆண்டுகள் கழித்தும் கார் வடிவமைப்பாளர்கள் எலானை உதாரணம் காட்டுவது சும்மா இல்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உடல் நெளியும் காரில் ஸ்பிரிங்கை இறுக்கினால் என்ன ஆகும்? ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடியை உடல் வாங்கும். அப்போது உடலே ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். அந்த ஸ்பிரிங்குக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது, ஆகவே அதிர்வு அடங்கவும் வழியில்லை. திறந்த காரை வாங்கியதும் பலர் முதல் வேலையாகச் செய்வது, காரைத் தாழ்த்தி இறுக்கமான ஸ்பிரிங் போடுவது. மெத்தப் பணம் செலவழித்து, உள்ள நோயை அதிகமாக்கிக்கொள்கிறார்கள்.

சரி, இசட்4-க்கு வருவோம். 2002-ல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஸ்பார்டன்பர்க் ஆலையில் 2008 வரை தயாரான முதல் தலைமுறை இது. இதில் ஸ்டெப்னி கிடையாது. ஸ்டெப்னி என்ற சொல்லே ஓர் ஊரின் தெருப் பெயர். வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். அந்தச் சக்கரம் காலப்போக்கில் மறைந்து, பெயர் மட்டும் நம் ஊர் பஞ்சர் கடைகளில் நிலைத்துவிட்டது. இசட்4-ல் ஸ்டெப்னிக்குப் பதிலாகக் கொடுத்தது ரன்ஃப்ளாட் டயர். பஞ்சரானாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டிப் போய்விடலாம். நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரம் ஜாக்கி போட்டு நிற்க வேண்டியதில்லை. நல்ல யோசனைதான்.

ஆனால் காற்றே இல்லாமல் காரின் எடையைத் தாங்க வேண்டுமென்றால், டயரின் பக்கச்சுவர் தடித்த ரப்பரால் விறைப்பாக இருக்க வேண்டும். அந்த விறைப்பு பஞ்சரான அன்று மட்டும் வேலை செய்வதில்லை. தினமும், ஒவ்வொரு சுற்றிலும் வேலை செய்கிறது. பிரச்சினையின் வேர் இதுதான். சாலையிலிருந்து வரும் அடியை முதலில் சந்திப்பது டயர். கான்கிரீட் நெடுஞ்சாலையின் இணைப்பு விளிம்பு, பாலத்தின் இரும்புப் பட்டை, ஒட்டுப்போட்ட தார் போன்ற சின்னச் சின்ன, கூரான அடிகளுக்கு ஷாக் அப்சார்பர் அசையக்கூட நேரமிருக்காது. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களின் உராய்வே அதைப் பிடித்துவைத்திருக்கும். அந்த அடிகளை விழுங்க டயரின் பக்கச்சுவரைவிட்டால் வேறு ஆளில்லை. அதுவே விறைத்துப்போனால் அடி நேராக இருக்கைக்கு வரும். போதாக்குறைக்கு ரன்ஃப்ளாட் டயர் எடையும் கூடியது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடக்கூட, துள்ளிய சக்கரத்தைத் திரும்பச் சாலையில் அமர்த்துவது ஷாக் அப்சார்பருக்குக் கடினமாகிறது.

எனவே முதல் சிகிச்சை, ரன்ஃப்ளாட்டைக் கழற்றி நல்ல சாதாரண டயர் போடுவது. ஒரு காரைத் தொட்டுச் செய்யும் எந்த மாற்றத்திலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் ஒரே மதியத்தில் தெரியாது என்பது என் கருத்து. தயாரித்தவர்களே இதற்கு மறைமுகமாகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 2006-ல் வந்த இசட்4 எம், அந்த வரிசையிலேயே வேகமான கார். அதில் ரன்ஃப்ளாட் போடவில்லை. சாதாரண டயரும், பஞ்சர் அடைக்கும் திரவமும், ஒரு சிறிய காற்றுப் பம்பும் கொடுத்தார்கள். ரன்ஃப்ளாட்டைக் கழற்றுகிறவரும் அதே பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது, டோயிங் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். இரண்டு ரன்ஃப்ளாட், இரண்டு சாதாரணம் என்று கலந்து ஓட்டக் கூடாது.

டயரை மாற்றும்போதே ரிம்மையும் யோசிக்கலாம். கணக்கு எளிது. 225/40 ஆர்18 டயரின் பக்கச்சுவர் உயரம் 90 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 என்றால் சுமார் 101. 225/50 ஆர்16 என்றால் 112.5. மூன்றின் மொத்த விட்டமும் 631-லிருந்து 637 மில்லிமீட்டருக்குள்தான். ஸ்பீடோமீட்டர் குழம்பாது. 18-லிருந்து 16-க்கு இறங்கினால் ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாகக் காற்றும் ரப்பரும் அடியைத் தாங்க நிற்கும். பெரிய ரிம் கண்ணுக்கு அழகு என்பதை மறுக்கவில்லை. பிரேக் பெரிதாக உள்ள மாடல்களில் 16 அங்குல ரிம் உள்ளே நுழையாமலும் போகலாம், அளந்து பார்த்தே வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் 17 நல்ல சமரசம். எடை தாங்கும் குறியீடும் வேகக் குறியீடும் தொழிற்சாலை சொன்னதற்குக் குறையவே கூடாது.

காற்றழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை. பெட்ரோல் பங்கில் ‘இருக்கட்டும்’ என்று நான்கைந்து பிஎஸ்ஐ அதிகமாக அடித்து விடுவது வழக்கமாகிவிட்டது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்தான் கணக்கு. காலையில், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். மென்மை கிடைக்கும் என்று அதற்கும் கீழே இறக்குவது ஆபத்து, டயர் சூடேறிக் கெடும்.

இத்தனைக்குப் பிறகும் ‘டக் டக்’ என்ற சத்தத்தோடு பின்பக்கம் உதைத்தால், காருக்கு வயதாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். இந்த கார்களில் மிக இளையதற்கே பதினைந்து வயதுக்கு மேல். பின் ஷாக் அப்சார்பரின் மேல்முனையை உடலோடு இணைக்கும் ரப்பர் மவுண்ட் கிழிவது இந்தத் தலைமுறை பிஎம்டபிள்யூக்களில் எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த வியாதி. ஷாக் அப்சார்பரின் தண்டைச் சுற்றி இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற நுரைக்கட்டை உதிர்ந்து மாவாகியிருக்கும். சக்கரங்களை உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் புஷ்கள் வெடித்திருக்கும். இவற்றையெல்லாம் தொழிற்சாலை கொடுத்த ரப்பராகவே மாற்றுவது நல்லது. பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும் என்பார்கள். உழைக்கும்தான், ஆனால் ரப்பர் விழுங்கும் நுண்ணதிர்வை அது உள்ளே அனுப்பிவிடும்.

ஷாக் அப்சார்பர் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. திருகு வைத்து இறுக்கம் மாற்றக்கூடிய வகைகள் கிடைக்கின்றன. ‘இறுக்கினால் ஸ்போர்ட்’ என்று திருகைக் கடைசி வரை திருப்பிவிடுகிறார்கள். விரிவதைத் தடுக்கும் விசை அளவுக்கு மீறினால், ஒரு மேட்டில் சுருங்கிய ஸ்பிரிங் முழுதாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அடுத்தடுத்து நாலு மேடு வந்தால் கார் படிப்படியாகக் கீழே இழுக்கப்பட்டு பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துவிடும். பிறகு ஓட்டுவது ஸ்பிரிங் இல்லாத கட்டைவண்டி. மிக மென்மையில் தொடங்கி, மிதப்பு நிற்கும் இடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே சரியான முறை.

ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன் மாரிஸ் ஆலியை நினைக்க வேண்டும். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து காடிலாக் நிறுவனத்துக்குப் போன பொறியாளர். 1932-ல் ஒரு பெரிய லிமோசினின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டு, பயணிகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். ஒரு மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுத் தாமதித்து ஏறுகிறது. பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆடும்படி ஸ்பிரிங் அமைந்தால், தாமதமாகக் கிளம்பிய அது முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும், முன்னும் பின்னும் ஆடும் ஊஞ்சல் ஆட்டம் அடங்கும். இசட்4-க்கு இது மிகவும் பொருந்தும். அச்சுகளுக்கு இடையே 2,495 மில்லிமீட்டர்தான். நீண்ட மூக்கின் கடைசியில், ஏறக்குறைய பின் அச்சின் மேலேயே ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார். ஊஞ்சலின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் ஆட்டம் அதிகம். ஒரு பக்க ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி இந்தப் பொருத்தத்தைக் குலைத்துவிடாதீர்கள்.

நெளியும் உடலுக்கு வைத்தியம் உண்டா? ஓரளவு உண்டு. முன் ஷாக் அப்சார்பர் கோபுரங்களை இணைக்கும் குறுக்குக் கம்பி கொஞ்சம் உதவும். அதற்கு முன், தொழிற்சாலை கொடுத்த உறுதி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த கார்களின் அடியில் விறைப்புத் தகடுகளும் குறுக்குச் சட்டங்களும் இருக்கும். எப்போதோ சர்வீஸுக்குக் கழற்றியவர் நாலு போல்ட்டை மறந்திருந்தாலோ, கையால் முறுக்கி விட்டிருந்தாலோ அவை வெறும் தகரம். முறுக்குவிசைக் கருவி வைத்துச் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. வீட்டுக்கு அருகே, பள்ளமும் ஒட்டும் வளைவும் உள்ள இரண்டு மூன்று கிலோமீட்டர் சாலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். இன்று காற்று, அடுத்த வாரம் டயர், பிறகு மவுண்ட் என்று ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே சாலையில், அதே வேகத்தில், கூரையைத் திறந்து ஓட்டுங்கள். அந்தப் பழைய பள்ளம் வரும்போது உள்கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வரும் வண்டியின் நம்பர் பிளேட்டை ஓர் எண்கூடத் தவறாமல் படிக்க முடிகிற நாளில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடலாம்.