தந்தை அறியப்படாத குழந்தையும் மாற்றாந்தந்தையின் தத்துரிமையும்

மணமாகாத நிலையில் குழந்தை ஈன்ற பெண் பின்னர் ஒருவரை மணந்துகொள்ளும்போது, அக்குழந்தையை அன்றாடம் வளர்க்கும் பொறுப்பில் அக்கணவரும் பங்கேற்கிறார். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவர் தந்தை அல்லர். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ‘தந்தை’ என்னும் சொல் மாற்றாந்தந்தையைக் குறிக்காது என விளக்கம் தருகிறது. அவர் உயில் எழுதாது இறப்பின், மகன் அல்லது மகள் என்னும் நிலையில் அக்குழந்தைக்கு அவர் சொத்தில் பங்கில்லை. தாய் முந்தி இறப்பின், வளர்த்தவர் நீதிமன்றத்தை நாடியே பாதுகாவலராக வேண்டும். இக்குறையை முழுமையாக நீக்க வல்லது தத்தெடுப்பே.

பழைய தருமநூல்கள் இச்சிக்கலை வேறுவகையில் கையாண்டன. மனுநூலின் 9ஆம் அத்தியாயம் கூறும் பன்னிரு வகைப் புதல்வருள், கன்னிப்பெண் ஈன்ற ‘கானீனன்’ அவளைப் பின்னர் மணந்தவனுக்கு உரியவன். கருவுற்ற நிலையில் மணந்தவளின் மகனாகிய ‘சகோடன்’ என்பவனும் அவ்வாறே. பாரதத்தில் கர்ணனைப் பாண்டுவின் மகன் எனக் கண்ணன் வாதிடுவது இவ்விதியைக் கொண்டே. ஈன்றவன் யார் என்பதன்று, மணந்தவன் யார் என்பதே அங்குத் தந்தையைத் தீர்மானித்தது. (குழந்தையின் நலனைவிட ஆணின் உரிமையே இவ்விதிகளின் நோக்கம் என்பதையும் மறத்தலாகாது.) பிற்கால இந்துச் சட்டம் இவ்வகைகளுள் பெரும்பாலும் ஔரசன், தத்தன் ஆகிய இருவரை மட்டுமே ஏற்றுக்கொண்டது.

இன்றைய சிக்கல் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் தொடங்குகிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தாய், தந்தை இருவருக்கும் தத்துக்கொடுக்கும் உரிமை சமமாக உண்டு. ஆனால் மற்றவரின் இசைவு வேண்டும். துறவு பூண்டவர், இந்துவாக இல்லாது போனவர், மனநலம் குன்றியவர் என நீதிமன்றம் அறிவித்தவர் ஆகியோரின் இசைவு மட்டுமே தேவையற்றது. அறியப்படாத தந்தை இப்பட்டியலில் இல்லை. பெற்றோர் அறியப்படாத குழந்தையைப் பாதுகாவலர் நீதிமன்ற அனுமதியுடன் தத்துக்கொடுக்கலாம் என்று 9(4) கூறினும், தாய் அறியப்பட்ட நிலையில் அதுவும் பொருந்துவதில்லை. ஒருவர் மட்டும் அறியப்படாத நிலையைச் சட்டம் எண்ணிப் பார்க்கவேயில்லை.

இவ்விடைவெளியில் உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் துணைநிற்கின்றன. 2015 ஜூலையில், மணமாகாத கிறித்தவத் தாய் ஒருவர் தம் மகனுக்குப் பாதுகாவலராக விண்ணப்பித்த வழக்கில், தந்தையின் பெயரை வெளியிடவோ அவருக்கு அறிவிப்பு அனுப்பவோ தேவையில்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயின் பிரமாணப் பத்திரத்தின் அடிப்படையிலேயே பிறப்புச் சான்றிதழ் வழங்கவும் பணித்தது. அவ்வழக்கு தத்தெடுப்பைப் பற்றியதன்று. எனினும், குழந்தையின் வாழ்வில் இடம்பெறாத தந்தையின் உரிமையைவிடக் குழந்தையின் நலனே மேம்பட்டது என்னும் அதன் நியாயம் இங்கும் பொருந்தும். 2022இல் வந்த மற்றொரு தீர்ப்பு, தந்தை இறந்தபின் ஒரே இயற்கைப் பாதுகாவலரான தாய் குழந்தையைத் தத்துக்கொடுக்கலாம் என்றது. ஆவணங்களில் இரண்டாம் கணவரை ‘மாற்றாந்தந்தை’ எனக் குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற ஆணையையும் அது கடுமையாகக் குறைகூறியது. ஆனால் இறந்த தந்தைக்கு இறப்புச் சான்றிதழ் உண்டு. அறியப்படாத தந்தைக்கு எந்தச் சான்றும் இல்லை.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறு இடர்களும் உள. மனைவியுள்ள ஆண் தத்தெடுப்பின் அவர் மனைவி ‘தத்துத்தாய்’ ஆவார் என்கிறது 14(1). இதனைச் சொல்லுக்குச் சொல் கொண்டால், ஈன்றவளே தன் மகவுக்குத் தத்துத்தாயாகும் விந்தை நேரும். மாற்றாந்தந்தைக்கு ஏற்கெனவே மகன் இருப்பின் ஆண்குழந்தையைத் தத்தெடுக்க 11ஆம் பிரிவு இடந்தராது. எனவே தம்பதியர்க்கு இடையில் ஒரு மகன் பிறந்துவிட்டால் மூத்தவனுக்கு இவ்வழி அடைபடும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் எல்லாச் சமயத்தவர்க்கும் திறந்துள்ள மாற்றுவழி. அதன் ‘உறவினர்’ வரையறையில் மாற்றாந்தந்தை இல்லை. எனினும் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் தாயும் அவர் கணவரும் இணைந்து விண்ணப்பிக்கத் தனி நடைமுறை வகுத்துள்ளன. மணவுறவின்றிப் பிறந்த குழந்தையைத் தாய் மட்டுமே அரசிடம் ஒப்படைக்கலாம் என்பதும் அவ்வொழுங்குமுறைகளே ஏற்ற நெறி. கொடுக்கத் தனியுரிமை பெற்ற தாய், தன் இல்லத்திலேயே வைத்துக்கொள்ள மற்றொருவரின் இசைவை நாடவேண்டும் என வாதிடுவது கடினம். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். வயது வரம்பிலும் இவ்வழி நெகிழ்வுடையது: வழக்காறு இருந்தாலன்றி 15 வயது நிரம்பியோரை 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பதில்லை; இங்கு 18 வயது வரை இடமுண்டு.