சுமோ மல்லர்களுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்க நூலகத்துத் தொலைக்காட்சியில் சுமோ மல்யுத்தம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த மாமி ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் சார், நீங்கள் ஜப்பானில் இருந்தவராச்சே, இவர்களுக்கெல்லாம் யார் பெண் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் நூலகம் பூட்டும் நேரம் வந்துவிட்டது. மீதியை இதழில் எழுதிக் கொடுங்கள் என்றார் ஆசிரியர். மாமி பொறுமையாகப் படிக்க வேண்டும். பதிலுக்குப் போகுமுன் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

1995ஆம் ஆண்டு நான் வேலை பார்த்த தொழிற்சாலை என்னை ஆறு மாதப் பயிற்சிக்கு நகோயாவுக்கு அனுப்பியது. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. கும்பகோணத்திலிருந்து அம்மாவின் கடிதம் வாரம் ஒன்று வரும். ஒவ்வொன்றிலும் ஒரு ஜாதகம் பற்றிய தகவல் இருக்கும். நான் வழக்கம்போல, "கொஞ்சம் பொறுங்கள்" என்று பதில் எழுதுவேன்.

ஆண்டுக்கு ஆறு பெரிய சுமோ போட்டிகள் நடக்கும். ஒவ்வொன்றும் பதினைந்து நாள். ஜூலை மாதத்துப் போட்டி நகோயாவில். அந்தக் காலத்தில் அது கோட்டை வளாகத்துக்குள் இருந்த மாவட்ட உடற்பயிற்சி அரங்கில்தான் நடக்கும். ஐம்பது வயதைக் கடந்த என் மேற்பார்வையாளர் சுமோ பைத்தியம். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மண்ணால் கட்டிய மேடை. அதன் மேல் வைக்கோல் புரியால் ஆன வட்டம், குறுக்களவு 4.55 மீட்டர். இருவரும் ஏறுகிறார்கள், உப்பை அள்ளி வீசுகிறார்கள், குந்துகிறார்கள், முறைக்கிறார்கள். சண்டை ஆரம்பம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தால், எழுந்து போய் மறுபடி உப்பு எடுக்கிறார்கள். இப்படி நாலு நிமிஷம். சண்டையோ ஐந்து விநாடியில் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் பந்தல் போட்டு, தாலி கட்டுவதை நாம் பார்க்காமல் கோட்டை விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

மேற்பார்வையாளர் விளக்கினார். குத்துச்சண்டைக்கு மணி அடிக்கிறார்கள். கபடியில் நடுவர் விசில் ஊதுகிறார். சுமோவில் அந்த மாதிரி எதுவும் இல்லை. நடுவர் "நேரமாயிற்று" என்றுதான் சொல்வாரே தவிர, "தொடங்கு" என்று சொல்லமாட்டார். 70 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்ட இரண்டு வெள்ளைக் கோடுகளுக்குப் பின்னால் இருவரும் குனிய வேண்டும். இரண்டு கைகளும் மண்ணைத் தொட வேண்டும். இருவர் மூச்சும் ஒன்றாகும் நொடியில் இருவரும் பாய வேண்டும். அந்த முதல் மோதலுக்குத் 'தச்சியாய்' என்று பெயர். பெரும்பாலான போட்டிகள் அதிலேயே முடிவாகிவிடுகின்றன என்பார்கள். எனவே எதிராளி தயாராகும் முன் பாய்ந்துவிட வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது?

ஒருவர் முந்திப் பாய்ந்துவிட்டாலோ, மற்றவர் "எனக்கு மூச்சு சேரவில்லை" என்று எழுந்துவிட்டாலோ அது செல்லாத தொடக்கம். அதற்கு ஜப்பானிய மொழியில் 'மத்தா' என்று பெயர். நம் வீட்டு மோர் கடையும் மத்து அல்ல; "பொறு" என்று சொல்வதிலிருந்து வந்த சொல். மத்தா ஆனவுடன் இருவரும் வட்டத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் தீர்ப்பாளர்களுக்குத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி குந்துவார்கள்.

ஒரு காலத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் மத்தா சொல்லலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தடித்த போட்டிகளும் உண்டு. 1928இல் வானொலியில் நேர்முக வருணனை தொடங்கியபோதுதான் வம்பு வந்தது. வானொலிக்காரனுக்கு மணி பார்த்து நிகழ்ச்சி முடிய வேண்டுமே! முதன்முதலாக நேர வரம்பு வைத்தார்கள். உயர் பிரிவுக்குப் பத்து நிமிஷம். பிறகு அது குறைந்துகொண்டே வந்து, இப்போது உயர் பிரிவுக்கு நாலு, அடுத்த பிரிவுக்கு மூன்று, கீழ்ப் பிரிவுகளுக்கு இரண்டு நிமிஷம். வெள்ளைக் கோடுகளும் அதே 1928இல் வந்தவைதான். நூற்றாண்டுக் கணக்கான சம்பிரதாயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, வானொலிக்காகச் செய்த ஏற்பாடு.

நேரம் குறைந்ததே தவிர, முந்திப் பாயும் ஆசை குறையவில்லை. 1991இல் சுமோ சங்கம் அபராதம் போட்டது. உயர் பிரிவு மல்லர் மத்தா செய்தால் ஒரு லட்சம் யென். அடுத்த பிரிவினருக்கு ஐம்பதாயிரம். நான் பார்த்த அன்றும் ஒரு மத்தா நடந்தது. மேற்பார்வையாளர் ஒரு விரலைக் காட்டி, "ஒரு லட்சம் போச்சு!" என்றார். நான் மனசுக்குள் ரூபாய்க் கணக்குப் போட்டேன். அன்றைய மாற்று மதிப்பில் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் வந்தது. என் ஆறு மாதச் சம்பளம், ஒரு விநாடி முந்தியதற்கு!

ஏழு வருஷம் அபராதம் இருந்தது. 1998இல் எடுத்துவிட்டார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: மத்தா என்பது ஒருவர் செய்யும் தவறாக வெளியே தெரிந்தாலும், உண்மையில் இருவருக்கும் இடையில் நேர்வது. மூச்சு சேராததற்கு யாரிடம் பணம் வசூலிப்பது? பணத்துக்குப் பயந்து, தயாராகாத மல்லரும் எழுந்து மோதினால் போட்டியும் கெடும், ஆளுக்கும் அடிபடும். இன்றைக்கும் மத்தா நடக்கிறது. தலை குனிவதோடு சரி.

பழைய காலத்து ஃபுதபயாமாவைப் பற்றி மேற்பார்வையாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். 1936 முதல் 1939 வரை தொடர்ந்து 69 போட்டிகளில் வென்றவர். அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அவர் மத்தா சொன்னதே கிடையாதாம். எதிராளி எப்போது எழுந்தாலும் அப்போதே அவரும் எழுவார். வலது கண்ணில் பார்வை கிடையாது என்பது அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

இதற்கு நேர் எதிர் ஹகுஹோ. 45 முறை பட்டம் வென்ற மகா மல்லர். 2017 நவம்பரில் யோஷிகாசே என்பவரோடு மோதியபோது, தொடக்கம் சரியில்லை, நடுவர் நிறுத்துவார் என்று நினைத்து உடம்பைத் தளர்த்திவிட்டார். நடுவர் நிறுத்தவில்லை. எதிராளி அவரைத் தள்ளிவிட்டார். ஹகுஹோ கீழேயே நின்றுகொண்டு கையைத் தூக்கி, மறுபடி நடத்துங்கள் என்று கேட்டார். தோற்ற மல்லர் தானே ஆட்சேபிக்க விதியில் இடமில்லை. மறுநாள் கண்டிக்கப்பட்டார். அந்தப் போட்டியின் பட்டத்தைக் கடைசியில் அவரே வென்றார் என்பது வேறு விஷயம்.

இனி மாமியின் கேள்விக்கு வருகிறேன்.

சுமோவில் சேருகிறவர்களில் பலர் பதினைந்து வயதுப் பையன்கள். ஒரு குருவின் வீட்டில், 'ஹெயா' என்பார்கள், தங்கிக்கொள்ள வேண்டும். கிட்டத்தட்ட நம் குருகுலம். மொத்தம் ஏறத்தாழ அறுநூறு மல்லர்கள், ஆறு பிரிவுகள். மேல் பிரிவில் 42 பேர், இரண்டாவதில் 28 பேர். இந்த எழுபது பேருக்குத்தான் 'செக்கிதோரி' என்ற பட்டமும் மாதச் சம்பளமும். 2019இல் திருத்திய விகிதப்படி இரண்டாவது பிரிவுக்காரருக்கு மாதம் 11 லட்சம் யென். உச்சியில் இருக்கும் யோகொசுனாவுக்கு 30 லட்சம். மூன்றாவது பிரிவில் முதல் ஆளாக இருந்தாலும் சம்பளம் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, போட்டி நடக்கும்போது, 1,65,000 யென் படி கிடைக்கும். அவ்வளவுதான். சாப்பாடும் படுக்கையும் குரு வீட்டில். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துத் தூங்க வேண்டும். மூத்தவருக்கு முதுகு தேய்க்க வேண்டும், சமைக்க வேண்டும்.

இதில் பெண்டாட்டியை எங்கே கொண்டுவந்து வைப்பது? வாழ்க்கை முறையே தடுத்துவிடுகிறது. செக்கிதோரி ஆனால்தான் வெளியே வீடு பார்க்கலாம், குருவின் சம்மதத்தோடு கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பது வழக்கம். நம் வீடுகளில் "பையன் பர்மனென்ட் ஆகட்டும்" என்று சொல்வோமே, அதுபோல. ஒரே ஒரு வித்தியாசம். நம் பையன் பர்மனென்ட் ஆனால் ஆனதுதான். அங்கே தோற்றுக்கொண்டே வந்தால் கீழே இறங்க வேண்டும். இறங்கிய உடனே சம்பளம் நின்றுவிடும். மனைவியும் குழந்தையும் இருக்கிறவர் ஒவ்வொரு போட்டிக்கும் எந்த மனநிலையில் வட்டத்தில் ஏறுவார் என்று நினைத்துப் பாருங்கள்.

பெண் கிடைக்காமல் இல்லை, மாமி. நடிகைகளும் தொலைக்காட்சி அறிவிப்பாளர்களும் மணந்திருக்கிறார்கள். ஆனால் பெரிய மல்லரை மணந்தால் அவரோடு ஒரு பெரிய குடும்பமும் சேர்ந்து வரும். அவர் பின்னாளில் குரு ஆனால், மனைவி 'ஒகாமிசான்'. பத்து இருபது பையன்களுக்குத் தாய். காய்ச்சலுக்குக் கஷாயம், வீட்டுக் கணக்கு, ஆதரவாளர்களுக்கு உபசாரம், ஊரில் இருக்கும் பெற்றோருக்குக் கடிதம் எல்லாம் அவர் பொறுப்பு. இவ்வளவு செய்கிறவர் போட்டி மேடையில் மட்டும் கால் வைக்கக்கூடாது; பெண்களுக்கு அனுமதியில்லை. கணவர் ஓய்வு பெற்று, குடுமி நறுக்கும் சடங்கு நடக்கும்போதும் அவர் கீழேதான் இருக்க வேண்டும். 2018இல் மைசுரு என்ற ஊரில் மேடையில் பேசிக்கொண்டிருந்த மேயர் மயங்கி விழ, முதலுதவிக்கு ஓடி ஏறிய பெண்களை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சங்கத் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். சம்பிரதாயத்தை மதிக்கிறவன்தான் நானும், அதற்காக இப்படியா?

1992 நவம்பரில், இருபது வயது தகனோஹானாவுக்கும் புகழ்பெற்ற நடிகை ரியே மியாசவாவுக்கும் நிச்சயதார்த்தம் என்று அறிவித்தபோது ஜப்பானே திருவிழாக் கொண்டாடியது. தகனோஹானாவின் தாயாரும் ஒரு காலத்தில் திரைப்பட நடிகை. ஒரு மல்லரை மணந்தபின் நடிப்பை விட்டவர். மருமகளுக்கும் அதே பாதைதானா என்று எல்லாரும் பேசினார்கள். 1993 ஜனவரியில் நிச்சயதார்த்தம் முறிந்தது. 1995 மே மாதம் தகனோஹானா தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவரை மணந்தார். நான் நகோயாவில் பார்த்த ஜூலைப் போட்டியில் அந்தப் புது மாப்பிள்ளைக்குத்தான் பட்டம். அந்த மணமும் 2018இல் விவாகரத்தில் முடிந்தது.

வீட்டோடு மாப்பிள்ளைக் கதையும் உண்டு. கொதோசகுரா என்ற யோகொசுனா ஓய்வு பெற்றுக் குருவானார். தம் சீடர் கொதோனோவகாவுக்கே மகளைக் கொடுத்தார். 2005இல் மாமனார் 65 வயது வரம்பை எட்டியபோது மருமகன் மல்யுத்தத்தை விட்டு ஹெயாவை ஏற்றுக்கொண்டார். பேரனும் மல்லர். 2024இல் இரண்டாவது உயர்ந்த பட்டமான ஒசெகி ஆகி, தாத்தாவின் பெயரைத் தரித்து, அந்த நவம்பரில் முதல் பட்டமும் வென்றார். 2007இலேயே மறைந்துவிட்ட தாத்தா அதைப் பார்க்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தெருனோஃபுஜியின் கதை. மங்கோலியாவிலிருந்து வந்தவர். 2015இல் ஒசெகி ஆனார். பிறகு முழங்கால் இரண்டும் கெட்டு, நீரிழிவும் சேர்ந்து, படிப்படியாக இறங்கினார். அப்படிச் சரிந்துகொண்டிருந்த 2018இல்தான் திருமணத்தைப் பதிவு செய்தார். விருந்து, சடங்கு எதுவும் இல்லை. சம்பளம் போயிற்று. 2019 மார்ச்சில் கீழிருந்து இரண்டாவது பிரிவில், பதினெட்டு வயதுப் பையன்களோடு மோதினார். விட்டுவிடுகிறேன் என்று பல முறை கேட்டும் குரு விடவில்லை. 2020 ஜூலையில் மேல் பிரிவுக்குத் திரும்பிய முதல் போட்டியிலேயே பட்டம் வென்றார். 2021 பிப்ரவரியில் திருமணச் சடங்கு நடந்தது. அதே ஜூலையில் யோகொசுனா. சுமோக் கணக்குப்படி 2018 என்பது மணப்பதற்குத் தப்பான நேரம். மத்தா என்றே சொல்லலாம். அந்தப் பெண்ணுக்கு அப்படித் தோன்றவில்லை.

நகோயாவில் அன்று திரும்பும்போது ரயிலில் மேற்பார்வையாளர் என் சட்டைப் பையில் இருந்த அம்மாவின் கடிதத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். "நீ என்ன எழுதினாய்?" என்றார். "பொறுங்கள் என்று" என்றேன். "மத்தா!" என்று ரயிலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டு, "எத்தனையாவது?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அன்றிரவே ஊருக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த தை மாதம் கும்பகோணத்தில் கல்யாணம். ஜப்பானிலிருந்து வந்த வாழ்த்துத் தந்தியை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த ஹெயாக்களில் பொங்கிப் போடும் 'சாங்கோ' குழம்பு பற்றியும் மாமி கேட்டார். அதில் மீனும் கோழியும் சேரும் என்பதால், சைவச் செய்முறை ஒன்றை என் மனைவி முயன்று பார்த்த பிறகு எழுதுகிறேன்.