பத்தாம் நாளில் ஏறிய கொடி!
பனிமலைப் பந்தயத்தில் மூன்று இந்திய வாலிபர்கள்

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கொடியேற்றத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியது இல்லை.

கார்த்திகை மாதம். பொழுது புலரும் வேளை. அருணாசலேசுவரர் கோவிலில், தங்கக் கொடிமரத்தின் எதிரே மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கொடி மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. "அரோகரா!" என்ற முழக்கம் வானைப் பிளக்கிறது. அன்றைக்குத்தான் திருவிழா தொடங்கியது என்று அர்த்தம். பத்தாம் நாள், 2,668 அடி உயரமுள்ள மலை உச்சியில் மகா தீபம்!

தேரடி வீதியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"ஐயா, கொடியேற்றம் இல்லாமல் திருவிழா தொடங்கினால் எப்படி இருக்கும்?"

அவர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை அப்படியே நிறுத்திவிட்டார். "என்ன தம்பி, விடிஞ்சதும் விடியாததுமா இப்படிக் கேக்கறீங்க? கொடி ஏறலைன்னா அது திருவிழாவா? சாமி எப்படிப் புறப்படும்?"

அவருக்கு ஒரு கதை சொன்னேன். கதை அல்ல, நடந்த சம்பவம். கொடி இல்லாமல் விழாவுக்குப் போன மூன்று வாலிபர்களின் சம்பவம். அவர்கள் வெளிநாட்டவர் அல்ல. நம் இந்தியாவின் பிள்ளைகள்!

பனியில் என்ன விளையாட்டு?

ஒலிம்பிக் பந்தயம் என்றால் ஓட்டம், ஆக்கி, மல்யுத்தம், குத்துச்சண்டை எல்லாம் நம் நினைவுக்கு வரும். அது கோடைகால ஒலிம்பிக். குளிர்கால ஒலிம்பிக் என்று வேறு ஒன்றும் இருக்கிறது. அதுவும் நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை நடப்பதுதான். அங்கே எல்லாமே பனியில் நடக்கும் விளையாட்டு.

நமக்குப் பனி என்றால் மார்கழி மாதத்துப் பனிதான். அதற்கே தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறோம்! வெயில் காலத்தில் கிரிவலப் பாதையில் செருப்பு இல்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும், நம் ஊர்த் தரை எப்படிச் சுடும் என்று. அக்கினித் தலம் அல்லவா!

ஆனால் இந்தியா பெரிய நாடு. வடக்கே இமயமலை இருக்கிறது. அங்கே ஆண்டில் பல மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊர்கள் உண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பனிதான் விளையாட்டுத் திடல்.

2014-ம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் ரஷ்யாவில் உள்ள சோச்சி நகரில் நடந்தது. கருங்கடல் ஓரத்தில் இருக்கும் ஊர் அது. 88 நாடுகள் கலந்துகொண்டன. இந்தியாவில் இருந்து போனவர்கள் மூன்றே மூன்று பேர்.

மூவர் யார்?

முதலாமவர் சிவ கேசவன். தகப்பனார் கேரளத்துக்காரர், தாயார் இத்தாலி நாட்டுப் பெண்மணி. சிவா பிறந்து வளர்ந்தது இமாசலப் பிரதேசத்தில், மணாலி பக்கம். அவருடைய விளையாட்டின் பெயர் 'லூஜ்'.

லூஜ் என்றால் என்ன? ஒரு சிறிய சறுக்கு வண்டி. சக்கரம் கிடையாது, அடியில் இரண்டு எஃகுச் சட்டம். பனிக்கட்டியால் இழைத்த வாய்க்கால் போன்ற பாதை, மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கும். வீரர் வண்டியின் மேல் மல்லாந்து படுத்துக்கொள்வார். கால் முன்னால் போகும். தலை பின்னால் இருக்கும். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரையும் தாண்டும். வண்டியில் 'பிரேக்' கிடையாது! கெண்டைக்காலாலும் தோளாலும் இலேசாக அழுத்தித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஆள் தூக்கி எறியப்படுவார்.

இரண்டாமவர் ஹிமான்ஷு தாக்கூர். அவரும் இமாசலத்துப் பிள்ளை. காலில் நீண்ட சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, நட்டுவைத்த கம்புகளுக்கு இடையே புகுந்து புகுந்து மலைச்சரிவில் பாய்கிறவர்.

மூன்றாமவர் நதீம் இக்பால். ஜம்மு-காஷ்மீரைச் சேர்ந்த ராணுவ வீரர். அவருடைய பந்தயம், பனியின் மேல் சறுக்குப் பலகையுடன் 15 கிலோமீட்டர் ஓடுவது. நம் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதைவிட ஒரு கிலோமீட்டர் அதிகம்! மேடும் பள்ளமும் நிறைந்த அந்தப் பனிப் பாதையில், முதலாவதாக வந்த சுவிட்சர்லாந்து வீரர் டாரியோ கொலோனா 39 நிமிடத்துக்குள் ஓடி முடித்தார். நாம் கிரிவலம் வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கொடி எங்கே போயிற்று?

பிப்ரவரி 7-ந் தேதி தொடக்க விழா. ஒவ்வொரு நாட்டு வீரர்களும் தங்கள் கொடியை ஏந்தி அணிவகுத்து வந்தார்கள். நம் வீரர்களும் வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் மூவர்ணக் கொடி இல்லை! ஐந்து வளையம் போட்ட ஒலிம்பிக் கொடிதான் இருந்தது. அவர்களை அறிவித்ததும் 'இந்தியா' என்று அல்ல. 'தனிப்பட்ட பங்கேற்பாளர்கள்' என்று!

ஏன் இந்தக் கதி? வீரர்கள் ஏதாவது தவறு செய்தார்களா? இல்லவே இல்லை.

ஒரு ஊரில் தேர்த் திருவிழா. வடம் பிடிக்க ஆள் இருக்கிறது. தேரும் தயாராக இருக்கிறது. ஆனால் நிர்வாகிகளுக்குள் வழக்கு. அதனால் தேர் நிலையிலேயே நின்றுவிட்டது என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நடந்தது.

நம் நாட்டில் ஒலிம்பிக் விளையாட்டுகளைக் கவனிக்கும் அமைப்பு, இந்திய ஒலிம்பிக் சங்கம். அதன் தேர்தல் ஒலிம்பிக் விதிகளின்படி நடக்கவில்லை, அரசாங்கத்தின் தலையீடு இருக்கிறது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு கூறியது. 2012-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சங்கத்தைத் தடை செய்தது. பிறகு இன்னொரு நிபந்தனையும் வந்தது. குற்றச்சாட்டுக்கு ஆளாகி வழக்கில் இருப்பவர்கள் பதவிக்குப் போட்டியிடக் கூடாது என்பதே அது. இதை ஏற்றுச் சட்டத்தைத் திருத்தவே 2013-ம் ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது.

தேர்தலுக்கு நாள் குறித்தார்கள். எந்த நாள் தெரியுமா? 2014 பிப்ரவரி 9. தொடக்க விழா முடிந்து இரண்டு நாள் கழித்து! இரண்டு நாள் முன்னதாக வைத்திருந்தால் கூடாதா? அந்தக் கேள்வி அன்றைக்குப் பலர் நெஞ்சையும் சுட்டது. சிவாவும் தம் வேதனையை மறைக்காமல் வெளியிட்டார்.

விழுந்தார், எழுந்தார்!

சிவாவின் பந்தயம் 8, 9 ஆகிய இரு நாட்கள். அதற்கு முன் பயிற்சி ஓட்டம். அதில் ஒரு பெரிய ஆபத்து வந்தது.

வண்டி பாய்ந்து வருகிறது. ஒரு வளைவில் சிவா வண்டியில் இருந்து தூக்கி எறியப்படுகிறார். பனிக்கட்டியின் மேல் மல்லாந்தபடி சறுக்கிக்கொண்டே போகிறார். பார்த்தவர்கள் மூச்சு நின்றுவிட்டது. ஆனால் சிவா வண்டியை விடவில்லை! சறுக்கிக்கொண்டே அதை இழுத்துப் பிடித்தார். ஒரே துள்ளலில் மறுபடியும் அதன் மேல் ஏறிப் படுத்தார். ஓட்டத்தைத் தொடர்ந்தார்!

இந்தக் காட்சி உலகம் முழுவதும் பரவியது. தங்கப் பதக்கம் வாங்கியவரைத் தெரியாதவர்கள்கூட, விழுந்து எழுந்த இந்தியரைத் தெரிந்துகொண்டார்கள்.

பந்தயத்தில் 39 பேர் போட்டியிட்டார்கள். ஜெர்மனி வீரர் பெலிக்ஸ் லோக் முதலாவதாக வந்தார். சிவாவுக்கு 37-வது இடம்.

"இவ்வளவுதானா?" என்று நினைக்காதீர்கள். ஜெர்மனி வீரருக்குத் தம் நாட்டிலேயே பனிக்கட்டிப் பாதை இருக்கிறது. சிறு வயது முதல் அதிலேயே பழகுகிறார். இந்தியாவில் அப்படி ஒரு பாதைகூட இல்லை. சிவா எப்படிப் பழகினார்? வண்டிக்குச் சக்கரத்தை மாட்டினார். இமயமலைத் தார்ச் சாலையில் படுத்தபடி உருண்டு இறங்கினார். எதிரே லாரி வரும். ஆட்டு மந்தை வரும். அத்தனைக்கும் நடுவே வளைந்து நெளிந்து போவார்! நம் ஊர்த் தெருவில் பிள்ளைகள் பலகைக்கு அடியில் 'பேரிங்' மாட்டி ஓட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்.

அப்படிப் பழகியவர், 1998-ம் ஆண்டு ஜப்பானில் நாகானோ நகரில் நடந்த ஒலிம்பிக்குக்குப் போனார். அப்போது வயது 16. இந்தியாவில் இருந்து போனது அவர் ஒருவர்தான். இரவல் வண்டியில் ஓடி 28-வதாக வந்தார். தாயாரின் நாடான இத்தாலி, "எங்கள் அணிக்கு வந்துவிடு" என்று பின்னாளில் அழைத்தது. அங்கே பயிற்சி உண்டு, வண்டி உண்டு, பணம் உண்டு. சிவா போகவில்லை. "நான் இந்தியன்" என்று இருந்துவிட்டார். அப்படிப்பட்டவருக்குத்தான் 2014-ல் ஏந்திச் செல்ல இந்தியக் கொடி இல்லை!

டெல்லியில் ஒரு முடிவு

பிப்ரவரி 9-ந் தேதி. சோச்சியில் சிவாவின் பந்தயம் முடிந்த அதே நாளில், டெல்லியில் தேர்தல் நடந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் பார்வையாளர்கள் உட்கார்ந்து கவனித்தார்கள். சென்னையைச் சேர்ந்த என். ராமச்சந்திரன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 11-ந் தேதி தடை நீங்கியது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் மீதிருந்த தடை நீக்கப்பட்டது ஒலிம்பிக் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

சிவாவின் பந்தயம் முடிந்து போயிற்று. மற்ற இருவருக்கும் அதிர்ஷ்டம் இருந்தது. 14-ந் தேதி நதீம் இக்பால் ஓடினார், 85-வது இடம். 19-ந் தேதி ஹிமான்ஷு தாக்கூர் பாய்ந்தார்; 72-வது இடம். இருவரும் இந்தியாவின் பெயரிலேயே ஓடினார்கள்.

இடையே 16-ந் தேதி, வீரர்கள் தங்கியிருந்த ஒலிம்பிக் கிராமத்தில் இந்தியாவின் மூவர்ணக் கொடி ஏற்றப்பட்டது.

7-ந் தேதி தொடங்கிய விழா. 16-ந் தேதி என்றால் அது எத்தனையாவது நாள்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பத்தாம் நாள்! நம் ஊரில் முதல் நாள் கொடியேற்றம், பத்தாம் நாள் தீபம். அங்கே பத்தாம் நாள்தான் கொடியேற்றமே!

23-ந் தேதி நிறைவு விழா. அதில் இந்தியா தன் சொந்தக் கொடியுடனேயே கலந்துகொண்டது.

பிறகு என்ன ஆயிற்று?

சிவ கேசவன் சளைக்கவில்லை. 2018-ம் ஆண்டு தென் கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலும் ஓடினார். அங்கே 34-வது இடம். 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்! அத்துடன் ஓய்வு பெற்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் கிடைக்காவிட்டாலும், 2011-ம் ஆண்டு ஆசியக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். 2020-ல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

2022-ம் ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்குக் காஷ்மீரத்து குல்மார்க்கைச் சேர்ந்த ஆரிப் கான் தனி ஒருவராகப் போனார். தொடக்க விழாவில் அவர் கையில் மூவர்ணக் கொடி கம்பீரமாகப் பறந்தது. ஒரு பந்தயத்தில் அவருக்கு 45-வது இடம்.

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியர் முதன்முதல் கலந்துகொண்டது 1964-ம் ஆண்டில். இன்றுவரை ஒரு பதக்கம்கூட வரவில்லை. அது உண்மை. ஆனால் பதக்கம் வராததற்காக அந்தப் பிள்ளைகள் தலைகுனிய வேண்டியது இல்லை. கையில் இருந்ததை வைத்துக்கொண்டு அவர்கள் கடைசிவரை ஓடினார்கள். நாற்காலியில் இருந்தவர்கள் தங்கள் கடமையைக் காலத்தில் செய்திருந்தால், மூவரும் முதல் நாளே கொடியுடன் நடந்திருப்பார்கள்.

கதையைக் கேட்டு முடித்த தேநீர்க் கடைப் பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"கொடி ஏறினப்போ அந்த சிவாங்கற பையன் பந்தயம் முடிஞ்சுபோச்சா தம்பி?"

"முடிந்துவிட்டது ஐயா."

"அடடா! அவன் விழுந்து எழுந்திருச்சதுக்கே ஒரு கொடி ஏத்தி இருக்கலாமே!"

சொல்லிவிட்டு அடுத்த தேநீரை ஆற்றத் தொடங்கினார். கடைக்கு எதிரே, ராஜகோபுரத்துக்கு அப்பால், மலை வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தது.