மலை மாடுகளுக்கு வெள்ளை குளோவர்: மூன்றில் ஒரு பங்கு போதும்!

நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் கறவை மாடு வளர்ப்போருக்கு ஏற்ற பயறுவகைத் தீவனம் வெள்ளை குளோவர். தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும் பல்லாண்டுப் பயிர் இது. இதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. வேர்முடிச்சுகளில் சேரும் தழைச்சத்து, உடன் வளரும் புல்லுக்கும் கிடைக்கிறது. வெப்பமும் வறட்சியும் இதற்கு ஆகாது. சமவெளி விவசாயிகளுக்கு வேலிமசால், முயல்மசால் ஆகியவையே பொருத்தம்.

புளியாரைக்கும் மூன்று இலைகள்தான். ஆனால் அதன் இலை இதய வடிவில் இருக்கும், மென்றால் புளிக்கும். குளோவர் இலை முட்டை வடிவில், பெரும்பாலும் நடுவே வெண்ணிறக் கோட்டுடன் காணப்படும்.

விதைப்பு

மழைக்காலத் தொடக்கத்தில் விதைக்கலாம். புல்லுடன் கலந்து விதைக்க ஏக்கருக்கு ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ விதை போதும். விதை மிகச் சிறியது என்பதால் மணலுடன் கலந்து தூவி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளோவருக்கான ரைசோபியத்தில்தான் விதைநேர்த்தி செய்ய வேண்டும், நிலக்கடலைக்குரியது பயன்படாது. புளிப்பு நிலமானால் மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பும், மணிச்சத்தும் இடுவது அவசியம். செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நசுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வனப்பகுதிப் புல்வெளிகளில் இதை விதைக்கக் கூடாது.

மேய்ச்சல்

கிக்கியு புல் உயர்ந்தால் நிழலில் குளோவர் அழிந்துவிடும். எனவே 15 சென்டிமீட்டர் வளர்ந்ததும் மேயவிட்டு, 5 சென்டிமீட்டருக்கு வந்ததும் மாடுகளை மாற்றிக் கட்ட வேண்டும். யூரியா அதிகம் இட்டாலும் புல்லே மிஞ்சும். மேய்ச்சல் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு குளோவர் இருப்பது நல்லது.

வயிறு உப்புசம்: எச்சரிக்கை

குளோவர் பாதிக்கு மேல் போனால் ஆபத்து. பசித்த மாடு பனி ஈரத்தோடு இளங்குளோவரை வேகமாகத் தின்றால், வயிற்றில் வாயு நுரைத்து வெளியேறாமல் தங்கிவிடும். இடப்பக்க வயிறு மேளம்போல் உப்பி, மூச்சுத் திணறி, சில மணி நேரத்திலேயே மாடு இறக்கக்கூடும். காலையில் வைக்கோல் போட்டு, பனி காய்ந்தபின் மேயவிட வேண்டும். முதல் நாட்களில் அரை மணி நேரம் போதும்.

உப்புசம் கண்டால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மாட்டைப் படுக்கவிடாமல், முன்னங்கால்கள் மேடான இடத்தில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். பெரிய மாட்டுக்குக் கால் லிட்டர் கடலை எண்ணெயை, நாக்கை இழுக்காமல், தலையை அதிகம் தூக்காமல், சிறிது சிறிதாகப் புகட்டலாம். அவசரப்பட்டால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சுத் திணறும் மாட்டுக்கு எதையும் புகட்டாமல் மருத்துவருக்குக் காத்திருப்பதே பாதுகாப்பு.