ஒரு கிராம் இரும்பின் வரவு செலவு

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 என்று பரிசோதனைச் சீட்டு சொல்கிறது. அதை 12-க்குக் கொண்டுவர எவ்வளவு இரும்பு வேண்டும்? மருத்துவர்கள் எடையைக் குறையும் புள்ளிகளால் பெருக்கி, மறுபடி 2.4-ஆல் பெருக்குவார்கள். 50 × 4 × 2.4 = 480 மில்லிகிராம். இது ரத்தத்துக்கு மட்டும். கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தீர்ந்துபோன கையிருப்புக்கு இன்னொரு 500. ஆகமொத்தம் 980 மி.கி., ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு.

இவ்வளவு எங்கே போனது? ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 0.4 மி.கி. இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் 40 மில்லிலிட்டர் போனால் 16 மி.கி. இழப்பு, 80 மில்லிலிட்டர் போனால் 32. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் தேவைப்படுவது சுமார் 1,000. வரவுப் பக்கம் மெலிந்தது. 100 கிராம் முருங்கைக்கீரையில் ஏறக்குறைய 4.5 மி.கி. இரும்பு உண்டு, நூற்றில் 5 பங்கு உடம்பில் சேர்ந்தால் கிடைப்பது 0.2 மி.கி. தான். கீரை கட்டாயம் சாப்பிட வேண்டும். ஆனால் 980 மி.கி. பற்றாக்குறையைக் கீரையால் அடைக்கலாம் என்று கர்ப்பிணிக்குச் சொல்வது அவரை ஏமாற்றுவதாகும்.

மாத்திரைக் கணக்குக்கு வருவோம். அட்டையில் போட்டிருக்கும் எடை எல்லாம் இரும்பல்ல. உலர் ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. என்றால் உள்ளிருக்கும் இரும்பு 65. ஃபெரஸ் குளுக்கோனேட் 300 என்றால் 35 தான். அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. மிதமான ரத்தசோகைக்கு நாளுக்கு இரண்டு, அதாவது 120 மி.கி. பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்கிறது என்று கொண்டால் 12 மி.கி. அன்றாட இழப்பைச் சாப்பாடு ஈடுகட்டிவிடும் என்று வைத்துக்கொண்டால், 480-ஐ எட்ட 40 நாள்.

பெரும்பாலான வீடுகளில் மாத்திரை நிற்பது இங்கேதான். களைப்பு போய்விட்டது, மூச்சிரைப்பு இல்லை, சீட்டிலும் 12 வந்துவிட்டது. ஆனால் கையிருப்பு இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. அதை நிரப்ப அதே வேகத்தில் இன்னும் 42 நாள் வேண்டும். ரத்தம் தேறத் தேற உடம்பு இரும்பை ஏற்பதும் குறைவதால் உண்மையில் அதைவிடக் கூடுதலாகும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடரச் சொல்வது இதனால்தான். பாதியில் விட்டவருக்கு அடுத்த சில மாதவிடாய்களிலேயே புள்ளி இறங்கத் தொடங்கும். பிறகு மாத்திரைமேல் பழி விழும்.

கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்றாக 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள்: 360 மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குச் செலவு பூஜ்யம். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கர்ப்பகாலத்தில் 180 நாளோ அதற்கு மேலோ மாத்திரை சாப்பிட்டவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 26 பேர். தமிழ்நாட்டில் ரத்தசோகையுள்ள கர்ப்பிணிகள் நூற்றுக்கு 48.3. முந்தைய 2015-16 ஆய்வைவிட இது கூடுதல். குமட்டல், மலச்சிக்கல், குழந்தை கறுத்துப் பிறக்கும் என்ற பேச்சு எல்லாம் சேர்ந்து அட்டைகளை அலமாரியில் தங்கவைக்கின்றன. மலம் கறுப்பாகப் போவது உண்மை. அது கெடுதல் இல்லை. குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாம். டீயோடு மட்டும் வேண்டாம். அது பாதிக்கு மேல் இரும்பைத் தடுத்துவிடும். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அதிகம் சாப்பிட்டால் சீக்கிரம் ஏறுமா? ஏறாது. 2017-இல் சூரிச் ஆய்வாளர்கள், இரும்பு குறைந்திருந்த பெண்களுக்கு 60 மி.கி. மாத்திரை 14 கொடுத்தார்கள். தினமும் சாப்பிட்டவர்கள் உடம்பில் 16.3 விழுக்காடும், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டவர்களுக்கு 21.8 விழுக்காடும் சேர்ந்தது. முதல்நாள் மாத்திரை, மறுநாளுக்கான கதவைச் சற்றுச் சாத்திவிடுகிறது. தினசரி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்பிணிகள் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு மாதத்தில் 1 புள்ளிகூட ஏறவில்லையென்றால் மாத்திரையைக் கூட்டாமல் காரணம் தேட வேண்டும். தலசீமியா இருக்கலாம்; உள்ளே எங்கோ ரத்தக்கசிவு இருக்கலாம்.

கடைசிக் கணக்கை ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. தாண்டினால் இரும்பு நஞ்சாகத் தொடங்குகிறது. 60 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தாய்க்குத் தந்த அட்டையில் நான்கு மாத்திரையை 10 கிலோ குழந்தை விழுங்கினால் கிலோவுக்கு 24 மி.கி. 2023 மார்ச்சில் உதகமண்டலத்துப் பள்ளியொன்றில், வாரத்துக்கு ஒன்று தரவேண்டிய மாத்திரைகளைப் பிள்ளைகள் போட்டி போட்டு விழுங்கினார்கள். 13 வயதுச் சிறுமி இறந்தாள். ஆசிரியர் கண்ணெதிரே ஒரு மாத்திரை, மீதி பூட்டிய அலமாரியில் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வீட்டிலும் அப்படியே, கைக்கெட்டாத உயரத்தில். விழுங்கிய குழந்தை முதலில் வாந்தி எடுக்கும். பிறகு சில மணி நேரம் தெளிந்ததுபோல் விளையாடும். அந்தத் தெளிவை நம்பக் கூடாது. கல்லீரல் பாதிப்பு அதற்குப் பின்தான் வெளியே தெரியும். 108-ஐ அழைத்து, காலி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், எத்தனை மி.கி. உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவர் அதைப் பார்த்துத்தான் கணக்கிடுவார்.